சிக்கிம்: நாட்டை இணைத்தார்கள், நிலத்தை விடவில்லை!

"சிக்கிம் பக்கம் போய் ரெண்டு ஏக்கர் வாங்கி, ரசாயனம் இல்லாம விவசாயம் பார்த்துக்கிட்டு அங்கேயே இருந்துடலாம்போல!"

2016-ம் ஆண்டு ஜனவரி 18 அன்று, காங்டாக்கில் நடந்த விழாவில் சிக்கிம் முழு இயற்கை விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு இப்படி ஆசைப்படாத இயற்கை விவசாயிகள் குறைவு. ஆசைப்படலாம், ஆனால் வாங்க முடியாது. வெளிமாநிலத்தைச் சேர்ந்தவர் அங்கே ஒரு சென்ட் விவசாய நிலம்கூட வாங்க வழியில்லை. சிக்கிமிலேயே பிறந்து வளர்ந்த நேபாளி விவசாயிகூட, பக்கத்துத் தோட்டத்துக்காரர் பூட்டியா அல்லது லெப்சா இனத்தவராக இருந்தால், அவருடைய நிலத்தை விலை பேச முடியாது. அதற்கான உத்தரவு 1917-ல் போடப்பட்டது. முதலாம் வருவாய் உத்தரவு என்று அதற்குப் பெயர். போட்டது இந்திய அரசும் இல்லை, பிரிட்டிஷ் இந்திய அரசும் இல்லை. சிக்கிம் மன்னரின் அரசு.

ராஜா போய்விட்டார், அரண்மனைக் காவல் படை போய்விட்டது, 'சிக்கிம்' என்ற தனி நாடே 1975-ல் இந்தியாவுக்குள் கரைந்துவிட்டது. அந்த உத்தரவு மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தப் பயணத்தை அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும்.

தீஸ்தா கரையோடு

மேற்கு வங்கத்தின் சிலிகுரியிலிருந்து காங்டாக் சுமார் 115 கிலோமீட்டர். சேவோக் தாண்டியதும் சமவெளி முடிந்து மலை ஆரம்பிக்கிறது. வழி நெடுகத் தீஸ்தா நதி கூடவே வருகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து இந்தச் சாலை அடைபடுவது வருடாந்திர வழக்கம். 2023 அக்டோபர் 4 அன்று, வடக்கே உயரத்தில் இருக்கும் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம், சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் அணையையே அடித்துக்கொண்டு போனது. அதன் வண்டலும் பாறையும் ஆற்றுப் படுகையை உயர்த்திவிட்டதால், இப்போது பல இடங்களில் சாலைக்கும் தண்ணீருக்கும் அதிக உயர வித்தியாசம் இல்லை.

சிலிகுரியிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் ரங்போ வந்துவிடும். புத்த விகார பாணியில் வண்ணம் தீட்டிய வளைவு. அதுதான் சிக்கிமின் வாசல். 1975 மே வரைக்கும் அது ஒரு நாட்டின் எல்லை. வெளிநாட்டுப் பயணிகள் இன்றும் தனி அனுமதிச் சீட்டு இல்லாமல் அதைத் தாண்ட முடியாது. நம்மவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சீன எல்லையை ஒட்டிய நாதுலா, வடக்கு சிக்கிம் போன்ற இடங்களுக்கு மட்டும்தான் அனுமதி தேவை.

வளைவைத் தாண்டினால் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். மாநிலத்தின் மொத்தப் பரப்பு 7,096 சதுர கிலோமீட்டர். பிரிக்கப்படுவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டம் அளவுக்குத்தான். அதிலும் பெரும்பகுதி காடும் பனியும் பாறையும். இயற்கை விவசாயச் சான்றுக்குள் கொண்டுவரப்பட்ட நிலமே சுமார் 75,000 ஹெக்டேர்தான். இந்தத் துண்டு நிலங்களை வைத்துத்தான் ஒரு நாட்டின் கதையே நடந்தது.

முதுகில் ஏறிய சுமை

ரங்போவிலிருந்து கிழக்கே திரும்பினால் ரெனாக் வட்டாரம். கலிம்போங்கிலிருந்து பெடோங், ரெனாக் வழியாக ஜெலெப்லா கணவாய் ஏறித் திபெத்துக்குப் போகும் பழைய வணிகப் பாதை இது. கம்பளியும் சரக்குகளும் கோவேறு கழுதைகளின் முதுகில் போயின. கழுதை கிடைக்காத நேரத்தில் குடியானவர்களின் முதுகில் போயின.

அந்தக் காலத்துச் சிக்கிம் நூற்றுச்சொச்சம் பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பெரும்பாலானவை காஜிகள் கையில். காஜி என்றதும் முஸ்லிம் நீதிபதி என்று நினைக்க வேண்டாம். இங்கே அது பூட்டியா, லெப்சா பிரபுக் குடும்பங்களின் பட்டம். மீதியில் பல, திக்காதார் என்ற நேபாளிக் குத்தகைதாரர்களிடம். வரி வசூல், வழக்கு விசாரணை, தண்டனை எல்லாம் இவர்கள் வீட்டு முற்றத்திலேயே முடிந்துவிடும். நிலம் இல்லாதவர்கள் 'அதியா'வுக்கு உழுதார்கள். பாதி விளைச்சல் பண்ணைக்கு, அதாவது நம் ஊர் அரைவாரம். 'கூத்' என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை என்று அளந்தாக வேண்டும்.

இவற்றைக்கூட மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது கூலியில்லா வேலை. 'ஜார்லாங்கி' என்றால், அதிகாரியோ பண்ணைக்காரரோ பயணம் போகும்போது கூப்பிட்டவுடன் வந்து சுமை தூக்க வேண்டும். 'காலோ பாரி' என்றால் கருப்புச் சுமை. கருந்தார் பூசிய துணியில் கட்டிய கனமான மூட்டைகளை மலையேற்றிக் கொடுக்க வேண்டும். 'குருவா' என்று இன்னொன்று இருந்தது. சுமை எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வரும்வரை சாலையோரத்தில் காத்திருக்க வேண்டும். கதிர் முற்றித் தலை சாய்ந்த நேரத்தில் நாலு நாள் சாலையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பது வயல்காரருக்குத் தெரியும்.

போதாக்குறைக்கு வரியிலும் பாகுபாடு. ஒரே மாதிரி நிலத்துக்கு பூட்டியா, லெப்சா குடியானவர் கட்டிய வரியைவிட நேபாளிக் குடியானவர் கூடுதலாகக் கட்டினார். 19-ம் நூற்றாண்டின் கடைசியில், காட்டைத் திருத்தி வரி வருமானத்தைப் பெருக்க பிரிட்டிஷ் அரசியல் அதிகாரியும் சில காஜிகளும் ஊக்கம் கொடுத்துக் குடியேற்றியவர்கள்தான் நேபாளிகள். மலைச்சரிவை வெட்டிப் படிவயலாக்கியதில் பெரும்பங்கு அவர்களுடையது. காலப்போக்கில் மக்கள்தொகையில் முக்கால் பங்கு அவர்களே ஆனார்கள்.

ஆகவே, இந்தியா சுதந்திரம் அடைந்த அதே ஆண்டு டிசம்பரில் காங்டாக் போலோ மைதானத்தில் கூட்டம் கூடி, சிக்கிம் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தபோது வைக்கப்பட்ட மூன்று கோரிக்கைகளில் முதலாவது, பண்ணை முறை ஒழிய வேண்டும் என்பது. இரண்டாவது, மக்கள் பிரதிநிதிகளைக் கொண்ட இடைக்கால அரசு. மூன்றாவது, இந்தியாவுடன் இணைப்பு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 1975-ல் திடீரென்று டெல்லியில் யாருக்கோ தோன்றிய யோசனை இல்லை இணைப்பு. அதே சமயம், மக்களின் முதல் கோரிக்கையும் அது இல்லை.

எல்லோரும் ஒரே கருத்தில் இருந்ததாகவும் நினைக்கக் கூடாது. சில மாதங்களிலேயே சிக்கிம் நேஷனல் பார்ட்டி தொடங்கப்பட்டது. பெரும்பாலும் பூட்டியா, லெப்சா மக்களின் கட்சி, அரண்மனையின் ஆதரவு பெற்றது. 'எந்த நிலையிலும் இந்தியாவுடன் சேரக் கூடாது' என்பது அவர்கள் நிலை. அவர்களுடைய பயத்திலும் நியாயம் இருந்தது. சொந்த நாட்டிலேயே சிறுபான்மை ஆகிவிட்டவர்கள் இன்னும் பெரிய கடலில் கலந்தால் கரைந்தே போவோமே என்ற பயம் அது.

1949-ல் ஸ்டேட் காங்கிரஸ் வரி கொடா இயக்கம் நடத்தியது. மக்கள் அமைச்சரவை ஒன்று அமைந்தது. ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஒழுங்கு கெட்டுவிடும் என்று சொல்லி அதைக் கலைத்தது டெல்லியின் அரசியல் அதிகாரிதான். அப்போது இந்தியாவுக்கு இணைப்பில் ஆர்வமில்லை. 1950 டிசம்பர் 5-ம் தேதி போட்ட ஒப்பந்தப்படி பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகியவை இந்தியாவிடம் போயின. உள்விவகாரம் ராஜாவிடம் இருந்தது. பண்ணைக்காரர்களின் நீதிமன்றங்களும் கூலியில்லா வேலையும் அந்த ஆண்டுகளை ஒட்டி நீக்கப்பட்டன. காஜிகளின் சொந்த நிலமும் செல்வாக்கும் மட்டும் அப்படியே நின்றன.

தலைக்கு எத்தனை ஓட்டு?

அடுத்த இருபது ஆண்டுச் சண்டை ஓட்டைப் பற்றியது. ஆலோசனை சபையில் பூட்டியா-லெப்சாவுக்கு எத்தனை இடமோ, அத்தனை இடம்தான் நேபாளிகளுக்கு. கால் பங்கு மக்களுக்கும் முக்கால் பங்கு மக்களுக்கும் ஒரே பங்கு. இது போக, ராஜா நியமிக்கும் உறுப்பினர்கள் தனி. ஊர்ப் பொதுக்குளத்து மீன் ஏலத்தில் கால் கரைக்காரர்களும் முக்கால் கரைக்காரர்களும் சரிபாதி எடுத்துக்கொண்டால் பஞ்சாயத்து எத்தனை நாள் அமைதியாக நடக்கும்?

1965-ல் முடிசூடிய பால்டன் தோண்டுப் நம்கியால், 'சோக்யால்' என்ற பட்டத்தை முன்னிறுத்தினார். தர்மத்தின்படி ஆளும் அரசன் என்று பொருள். அமெரிக்கப் பெண் ஹோப் குக்கை மணந்தவர். அதனால் உலகப் பத்திரிகைகளில் சிக்கிம் அடிக்கடி இடம்பெற்றது. பக்கத்தில் இருக்கும் பூடான் 1971-ல் ஐ.நா. சபையில் உறுப்பினர் ஆனது. சிக்கிமுக்கும் அப்படியொரு தனி அடையாளம் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அவரை வெறும் கொடுங்கோல் ராஜாவாக வரைவது சரியாக இருக்காது. டெமி தேயிலைத் தோட்டத்தை 1969-ல் தொடங்கியது அவருடைய அரசு. இன்றும் சிக்கிமின் பெயர் சொல்லும் தோட்டம் அது. ஆனால் தன் நாட்டின் முக்கால் பங்கு மக்களைத் தன்னவர்களாக நம்ப அவரால் முடியவில்லை. விழுந்தது அங்கேதான்.

1973 தேர்தலில் முறைகேடு என்று கிளம்பிய போராட்டம் ஏப்ரலில் நாடு முழுக்கப் பரவியது. நிர்வாகம் நிலைகுலைந்தது. சோக்யாலே இந்தியாவின் உதவியைக் கேட்க வேண்டியதாயிற்று. மே 8-ம் தேதி மூன்று தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற அடிப்படையில் 1974 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. 32 இடங்களில் 31 இடங்களை காஜி லென்டுப் தோர்ஜியின் சிக்கிம் காங்கிரஸ் பிடித்தது. பண்ணை முறைக்கு எதிரான கட்சிக்குத் தலைமை தாங்கியவரே ஒரு காஜி என்பதும், இளமையில் ரும்டெக் மடாலயத்தின் தலைமை லாமாவாக இருந்தவர் என்பதும் இந்தக் கதையின் விசித்திரங்களில் ஒன்று.

டெல்லியின் கை இதில் இருந்ததா? இருந்தது. அந்த ஆண்டுகளில் காங்டாக்கில் இந்திய உளவுத்துறையின் பொறுப்பில் இருந்த ஜி.பி.எஸ். சித்து, தன் அமைப்பு சோக்யாலுக்கு எதிரான கட்சிகளுக்கு எப்படி உதவியது என்று 2018-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். பத்திரிகையாளர் சுனந்தா தத்தா-ரே, இது அப்பட்டமான ஆக்கிரமிப்பு என்று 1984-லேயே எழுதினார். இரண்டையும் படித்துவிட்டு, 'எல்லாம் உளவுத்துறை நாடகம்' என்று முடிவு கட்டுபவர்கள் ரெனாக் சாலையின் சுமைகளை மறந்துவிடுகிறார்கள். ஈரம் இருந்த மண்ணில்தான் டெல்லி விதைத்தது.

ஒரே சீட்டு, இரண்டு கேள்வி

காங்டாக்கின் மேட்டில், சுக்லகாங் என்ற அரச மடாலயத்தின் அருகே அரண்மனை இருக்கிறது. 1975 ஏப்ரல் 9 அன்று இந்திய ராணுவம் அதைச் சுற்றி வளைத்தது. காவலுக்கு நின்ற சிக்கிம் வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில் மொத்தக் காவல் படையும் ஆயுதத்தைக் கீழே வைத்தது. மறுநாள் சட்டசபை கூடி, சோக்யால் பதவியை ஒழிப்பது, சிக்கிமை இந்தியாவின் ஓர் அங்கமாக்குவது என்று தீர்மானம் போட்டது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 14, தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, சிக்கிமில் மக்கள் வாக்கெடுப்பு.

இணைப்புக்கு ஆதரவாக 59,637 ஓட்டுகள். எதிராக 1,496.

எண்ணிக்கையைப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் இன்றுவரை உறுத்துகின்றன. ஒன்று, அவகாசம். சாலையே எட்டாத, நடந்து போனால் இரண்டு நாள் ஆகும் மலைக் கிராமங்கள் உள்ள நாட்டில், நான்கு நாளில் சொல்லி, விளக்கி, வாக்கெடுத்து முடித்தார்கள். அரண்மனையைச் சுற்றி ராணுவம் நின்றுகொண்டிருந்த நான்கு நாட்கள் அவை.

இன்னொன்றுதான் முக்கியம். சீட்டில் கேட்கப்பட்டது இரண்டு கேள்வி, பதில் சொல்ல இடம் ஒன்று. சோக்யால் ஆட்சி ஒழிய வேண்டுமா என்பது ஒரு கேள்வி. நாடு இந்தியாவோடு இணைய வேண்டுமா என்பது வேறு கேள்வி. 'வாய்க்கால் தகராறு தீர வேண்டும், தீர்த்து வைக்கும் பெரிய பண்ணையோடு நிலத்தையும் சேர்த்துவிடலாம், இரண்டுக்கும் சேர்த்து இங்கே ஒரு கையெழுத்துப் போடு' என்று கேட்பது மாதிரி. ராஜா வேண்டாம், நாடு வேண்டும் என்று நினைத்தவர் எந்தப் பெட்டியில் போடுவார்? அப்படி நினைத்தவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த வாக்கெடுப்பிலிருந்து யாராலும் பிரித்தெடுக்க முடியாது. பண்ணைச் சுமையிலிருந்து வெளியேற வேண்டும் என்று பெருவாரியான குடியானவர்கள் விரும்பினார்கள் என்பது மட்டும் ஐயமில்லாமல் தெரிகிறது.

ஏப்ரல் கடைசிக்குள் இந்திய நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தில் 36-வது திருத்தத்தை நிறைவேற்றியது. மே 16-ம் தேதி சிக்கிம் 22-வது மாநிலம் ஆனது. காட்மாண்டுவில் எதிர்ப்பு ஊர்வலம் நடந்தது. சீனா பல ஆண்டுகள் இதை ஏற்கவில்லை. நாற்பது நாளில் இந்தியாவிலேயே நெருக்கடி நிலை வந்துவிட்டது. ஜனநாயகம் கேட்டு இந்தியாவோடு சேர்ந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது அது!

திசை மாறிய காற்று

1978-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய், சிக்கிமை இணைத்த விதம் தவறு என்றும், ஆனால் இனி அதைத் திருப்ப முடியாது என்றும் வெளிப்படையாகவே சொன்னார். டெல்லியின் நாற்காலியிலிருந்தே வந்த சொல், சிக்கிமில் தீப்போல் பரவியது. அடுத்த ஆண்டு தேர்தல். 'தேஷ் பேச்சுவா' என்ற ஒரு சொல் ஊர் ஊராகப் போனது. நாட்டை விற்றவன் என்று அர்த்தம். 31 இடம் வென்ற காஜியின் கட்சிக்கு இந்த முறை ஒரு இடம்கூட இல்லை. காஜியே தோற்றார். இணைப்பை எதிர்த்துச் சிறைக்குப் போன நர் பகதூர் பண்டாரி முதலமைச்சர் ஆனார். ஐந்தே ஆண்டில் மக்களின் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது.

1982 ஜனவரியில் நியூயார்க் மருத்துவமனையில் சோக்யால் இறந்தார். உடலைக் காங்டாக் கொண்டுவந்து பிப்ரவரியில் தகனம் செய்தபோது, பல்லாயிரம் பேர் மலையேறி வந்து வெள்ளைப் பட்டுத் துண்டு சாத்தி அஞ்சலி செலுத்தினார்கள். இணைப்புக்கு ஓட்டுப் போட்டவர்கள் நாட்டில் அத்தனை பேர் என்றால், அந்தக் கூட்டத்திலும் அவர்கள் இருந்திருப்பார்கள். ராஜா வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பம், ராஜாவின் சாவுக்கு அழாது என்று யார் சொன்னது?

காஜி லென்டுப் தோர்ஜி கலிம்போங்கில் ஒதுங்கி வாழ்ந்தார். டெல்லி தன்னைப் பயன்படுத்திக்கொண்டு மறந்துவிட்டது என்ற வருத்தம் அவருடைய கடைசிக்காலப் பேட்டிகளில் உண்டு. 2002-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 2007-ல், நூறு வயதைத் தாண்டி இறந்தார்.

ஏலத்தோட்டத்தில் தெரியும் கணக்கு

மக்கள் மனம் இப்படி ஊசலாடினாலும், அன்றாட வாழ்க்கை வேறு கணக்குப் போட்டது. சாலை, மின்சாரம், பள்ளிக்கூடம், மருத்துவமனை வந்தன. 1977-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், இணைப்போடு சேர்த்து அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட 371எஃப் பிரிவு. சிக்கிமின் பழைய சட்டங்களை முறைப்படி மாற்றும் வரை அவை அப்படியே செல்லும் என்று அது சொல்கிறது. 1917 உத்தரவு பிழைத்தது இதனால்தான். வெளியாட்கள் நிலத்தை வளைக்க முடியாமல் போனதும் இதனால்தான்.

இதன் பலன் என்ன என்பதை மங்கன் பக்கம் ஒரு பெரிய ஏலக்காய்த் தோட்டத்தில் நின்று பார்த்தால் புரியும். நம் போடிநாயக்கனூர் சந்தைக்கு வரும் பச்சை ஏலக்காய் வேறு, இது வேறு. செங்கருப்பு நிறம், சிறிய எலுமிச்சைக்கு நெருங்கிய பருமன், புகை மணம். பிரியாணி மசாலாவில் போடும் கருப்பு ஏலக்காய் இதுதான். இந்தியாவில் விளையும் பெரிய ஏலக்காயில் பெரும்பகுதி இந்தச் சின்ன மாநிலத்திலிருந்தே வருகிறது. மேலே 'உத்திஸ்' மரம், கீழே ஏலம். உத்திஸ் மரம் பயறுவகை இல்லை. ஆனாலும் அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. உதிரும் இலையே உரம், கிளையே விறகு. செப்டம்பரிலிருந்து உயரத்துக்கு ஏற்ப அறுவடை. 'பட்டி' என்ற கல் அடுப்பின் மேல் பரப்பி, விறகுப் புகையில் இரவும் பகலுமாக உலர்த்துகிறார்கள். 'சிர்க்கே', 'ஃபுர்கே' என்ற இரண்டு வைரஸ் நோய்களும் இலைக் கருகலும்தான் பெரிய எதிரிகள். பல பழைய தோட்டங்கள் அவற்றால் அழிந்திருக்கின்றன.

மரம் வளர்ந்து, நிழல் விழுந்து, தோட்டம் காய்க்க ஆண்டுகள் ஆகும். அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்ற சந்தேகத்தில் இருப்பவர் மரம் வைக்க மாட்டார். 2003-ல் முதலமைச்சர் பவன் சாம்லிங் இயற்கை விவசாயத்தை அறிவித்து, ரசாயன உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2014-ல் ரசாயனங்களுக்குச் சட்டப்படி தடை கொண்டுவர முடிந்ததற்கும் இது ஒரு காரணம். நிலம் உள்ளூர்க் குடும்பங்களின் கையில் சிறு சிறு துண்டுகளாக இருந்தது. ரசாயன உபயோகம் முன்பே குறைவு என்பது இன்னொரு காரணம், அதையும் சொல்லியாக வேண்டும்.

குறைகளும் உண்டு. சாப்பாட்டு அரிசியும் காய்கறியும் பெருமளவு சிலிகுரியிலிருந்து லாரியில்தான் வருகின்றன. 2018-ல் வெளியூர்க் காய்கறிகளுக்குக் கட்டுப்பாடு போட்டுப் பார்த்தார்கள். காங்டாக் லால் பஜாரில் விலை ஏறிக் கூச்சல் கிளம்பியது. விளைச்சல் குறைந்ததாகவும், இயற்கை விளைபொருளுக்குத் தனி விலை கிடைக்கவில்லை என்றும் குறைபடும் விவசாயிகள் அங்கே இருக்கிறார்கள். தனி நாடாக இருந்தபோதும் உப்பும் அரிசியும் சமவெளியிலிருந்துதான் வந்தன. ரங்போ வளைவுக்குக் கீழே இருப்பவர்களை நம்பாமல் இந்த மலையால் வாழ முடிந்ததில்லை.

'வெளிநாட்டு வம்சாவளி'

இன்று சிக்கிமில் போய், திரும்பத் தனி நாடாகலாமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லும் அரசியல் கட்சி எதுவும் இல்லை. ஆனால், 371எஃப் என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் அது சட்டப் பிரிவு இல்லை. 'நாங்கள் நாட்டைக் கொடுத்தோம், பதிலுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தது' என்ற உடன்படிக்கை.

அது எவ்வளவு நுட்பமான நரம்பு என்பது 2023 ஜனவரியில் தெரிந்தது. சிக்கிம் மக்களுக்கு இருக்கும் வருமான வரிச் சலுகை பற்றிய ஒரு வழக்கு. இணைப்புக்கு முன்பே அங்கே குடியேறிய பிற இந்தியர்களின் குடும்பங்களுக்கும் சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் ஒரு பகுதியில், சிக்கிமில் குடியேறிய நேபாளிகளை வெளிநாட்டு வம்சாவளியினர் என்று குறிப்பிடும் வரி வந்துவிட்டது. மாநிலமே கொந்தளித்தது. கடையடைப்பு, ஊர்வலம், மாநில சுகாதார அமைச்சரின் பதவி விலகல் என்று ஒரு மாதம் ஓயவில்லை. பிப்ரவரி 8-ம் தேதி நீதிமன்றம் அந்தச் சொற்களை நீக்கியது.

வரிச் சலுகையில் பங்கு போடுகிறார்களே என்ற கோபம் மட்டும் இல்லை அது. 1975-ல் விழுந்த 59,637 ஓட்டுகளில் பெரும்பகுதி எந்தச் சமூகத்தின் ஓட்டு? நேபாளிகளுடையது. படிவயலை வெட்டிய பாட்டனுக்கு ராஜா காலத்தில் கூடுதல் வரி. இணைப்புக்குப் பிறகு சட்டசபையில் அவர்களுக்கென்று இருந்த இட ஒதுக்கீடும் போனது. பூட்டியா-லெப்சாவுக்கு 12 இடங்களும் மடாலயங்களுக்கு ஓர் இடமும் தொடர்கின்றன. இந்தியா வேண்டும் என்று வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட குடும்பத்தின் பேரனை, இந்தியாவின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வெளிநாட்டு வம்சாவளி என்றால் வலிக்காதா?

அக்டோபரில் மங்கன் பக்கம் போனால், சரிவெங்கும் பட்டிகளின் புகை மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். உலர்ந்த காயைச் சாக்கில் கட்டி சிங்தாம் வியாபாரியிடம் கொடுப்பார்கள். அங்கிருந்து அது ரங்போ வளைவைத் தாண்டிச் சிலிகுரிக்கு இறங்கும். வீட்டுக்குள் தகரப் பெட்டியில் இரண்டு காகிதங்கள் பத்திரமாக இருக்கும். ஒன்று 'பர்ச்சா', நம் ஊர்ப் பட்டா மாதிரி. மற்றது, சிக்கிம்காரர் என்று மாவட்ட நிர்வாகம் தரும் அடையாளச் சான்றிதழ். மகனின் அரசு வேலைக்கும் நிலத்தைப் பெயர் மாற்றவும் அது வேண்டும். அதை வாங்க, தாத்தா அல்லது கொள்ளுத் தாத்தாவின் பெயர் ஒரு பழைய பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1961-ல் சோக்யால் வம்சத்து அரசு, தன் குடிமக்கள் யார் யார் என்று எழுதத் தொடங்கிய பதிவேடு அது.